கிளிப்பச்சை டிரெய்லரும் பின்னாலேயே வந்த வீடும்

கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில், யாரோ ஆசை ஆசையாகச் செய்யச் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளாமலே வெளிநாட்டுக்குப் போய்விட்ட ஒரு கேம்பர் டிரெய்லர், அதாவது வண்டியில் கட்டி இழுத்துப்போகிற சக்கர வீடு, வெயிலிலும் மழையிலும் நின்று நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் என்னை எங்காவது கூட்டிப்போங்களேன் என்று கேட்கிற முகத்தோடு இருந்தது. அதற்குக் கிளிப்பச்சை அடித்து இடுப்பைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுத்தவன் பெயிண்டிங் போர்மேன் சென்னியப்பன். அவன் பூசிய பஸ்கள் திருப்பதிக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அவன் மட்டும் குடும்பத்தோடு ஓர் ஊருக்குக் கிளம்பி, அந்த ஊரை முழுசாகப் பார்த்துவிட்டுத் திரும்பியது கிடையாது.

அதற்குக் காரணம் அவன் மனைவி கஸ்தூரி. அவள் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பெட்ஷீட் செக்கிங் செய்கிறவள். விரித்துப் போட்ட துணியில் எந்த மூலையில் நூல் அறுந்திருந்தாலும் அவள் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும். அதே கண் வீட்டை விட்டுக் கிளம்பினாலும் மூடாது. ஊட்டிக்குப் போனபோது கேஸை அணைத்தோமா என்ற யோசனை வந்து மேட்டுப்பாளையத்தோடு திரும்பினார்கள். கன்னியாகுமரிக்குப் போனபோது மோட்டார் ஓடிக்கொண்டிருக்குமோ என்று திண்டுக்கல்லோடு திரும்பினார்கள். ராமேஸ்வரத்துக்குப் பாம்பன் வரைக்கும் போய், பாலத்தின் மேல் ரயில் போவதைக்கூடப் பார்த்துவிட்டு, பின்கதவின் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்து திரும்பினார்கள். ஒவ்வொரு தடவையும் கேஸ் அணைந்திருக்கும், மோட்டார் நின்றிருக்கும், தாழ்ப்பாள் போட்டிருக்கும். கஸ்தூரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அப்பாடா என்று ஒரு மூச்சு விடுவாள். அந்த மூச்சுதான் அந்தக் குடும்பத்தின் சுற்றுலா.

பட்டறை முதலாளி நாச்சிமுத்து ஒருநாள் சென்னியப்பனைக் கூப்பிட்டார். "இந்த டிரெய்லர வேற ஒருத்தரு கேட்டுட்டே இருக்காரு. காலேஜ் தொறக்கற வரைக்கும் நீ சனி ஞாயிறு கொண்டுபோய் ஓட்டிப் பாரு. சரிப்பட்டா எடுத்துக்க, இல்லாட்டி அவருக்குக் குடுத்தர்றேன்."

காலேஜ் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. சென்னியப்பனின் பெரிய மகள் மிதுனாவுக்குச் சென்னையில் இடம் கிடைத்திருந்தது. ஜூனில் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். சின்னவள் கவிநயா அக்காவின் கட்டிலை இப்போதே அளந்து வைத்திருந்தாள்.

டிரெய்லர் தெருவுக்குள் வந்த அன்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பட்டறை ஜீப்பின் பின்னால் கட்டிய டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது லேசான காரியமில்லை. சென்னியப்பன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போனது. வலப்பக்கம் ஒடித்தால் சாக்கடையை எட்டிப் பார்த்தது. நலச்சங்கச் செயலாளர் தண்டபாணி, "லெப்டு, லெப்டு, ஐயோ என்ற ஊட்டு கேட்டு!" என்று கத்த, அடுத்த வீட்டு நூர்ஜஹான் அக்கா, "அவரு சொல்றதக் கேக்காதீங்க தம்பி, எம்மூஞ்சியப் பாத்து வாங்க" என்று கை காட்ட, ஒருவழியாக அது கஸ்தூரி வீட்டு வாசலில் ஒட்டி நின்றபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

கஸ்தூரி தட்டவில்லை. உள்ளே ஏறிப் பார்த்தாள். மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, மடித்தால் மேசை விரித்தால் மெத்தை, பின்னால் இழுத்தால் வெளியே வருகிற அடுப்பு, ஒரு குடத்துத் தண்ணீரும் கொள்ளாத தொட்டி.

"ஏனுங்க, வாரத்துல ஒரே நாளுதான் வீட்டுல இருக்கறோம். அந்த ஒரு நாளும் வீட்ட விட்டுப்போட்டு இன்னொரு வீட்ட இழுத்துட்டுப் போகோணுமா?"

"லாட்ஜுல நாலு பேரு ஒரே ரூம்புல, அந்த பெட்ஷீட்டப் பாத்தாலே உனக்குத் தூக்கம் வராது. இதுல நம்ம தலகாணி, நம்ம போர்வை. எங்க நல்லா இருக்குதோ அங்க நிறுத்திக்கலாம்."

"மத்த நாளெல்லாம் இத எங்க நிறுத்தறது? தண்டபாணியண்ணன் இப்பவே மொறச்சுட்டு நிக்கிறாரு. மழ பேஞ்சா ஒழுகுமா? வருசத்துல எத்தன சனி ஞாயிறு உங்களுக்கு லீவு கெடைக்கும்? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

அவள் கேட்டது எல்லாமே நியாயம். அவன் பச்சைச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான். அப்போது மிதுனாதான் மேல் படுக்கையிலிருந்து தலையை நீட்டி, "அம்மா, ஒரே ஒரு தடவ போய்ப் பாக்கலாம்மா. முழுசா" என்றாள். அந்த முழுசா என்ற சொல் கஸ்தூரிக்கு எங்கோ தைத்தது. சரி என்றாள்.

முதல் வாரம் பக்கத்திலேயே மாயனூருக்குப் போனார்கள். காவிரிக்கரையில் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தி, அடுப்பை வெளியே இழுத்து, தோசை சுட்டுச் சாப்பிட்டு, ஆற்றுக் காற்று உள்ளே வந்து போவதற்கு ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தார்கள். மற்ற மூவரும் படுத்தவுடன் தூங்கிவிட்டார்கள். கஸ்தூரிக்குத்தான் கேஸ் நினைவு வந்தது, பிறகு பிரிட்ஜ், பிறகு மாடியில் காய்கிற துணி. பொழுது விடிந்ததும் கிளம்பிவிட வேண்டியதுதான் என்ற முடிவோடு அவள் கதவைத் திறந்து கீழே இறங்கினால், பத்தடி தள்ளி அவள் வீடு நின்றுகொண்டிருந்தது.

அவள் வீடேதான். போன பொங்கலுக்கு அடித்த சந்தன நிறம், சிமென்ட் பெயர்ந்த படி, மாடிக் கொடியில் கவிநயாவின் யூனிபார்ம், கதவில் அவள் பூட்டிய பூட்டு. அடியில் தண்ணீர்க் குழாய் அறுபட்ட தொப்புள்கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வழியில் எங்கோ ஒரு வாழைத்தோட்டத்துக்குள் புகுந்து வந்திருக்க வேண்டும். ஜன்னல் கம்பியில் ஒரு வாழையிலை மாட்டியிருந்தது. செப்டிக் டேங்கை மட்டும் தெருவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது. அந்த அறிவாவது இருந்ததே என்று கஸ்தூரி நினைத்துக்கொண்டாள். சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தாள். கேஸ் அணைந்திருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டுவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று பால் காய்ச்சினாள்.

சென்னியப்பன் எழுந்து வந்து, வீட்டைப் பார்த்து, மனைவி நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டு, "இதுக்கா நாம டிரெய்லரக் கொண்டாந்தோம்?" என்று மட்டும் கேட்டான்.

அவர்கள் திரும்பியபோது வீடும் திரும்பியது. கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டதால் குளியலறைக் கதவு மூட மறுத்தது. மறுநாள் அதுவே அசைந்து சரி பண்ணிக்கொண்டது.

தெரு இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். வீடு கிளம்பியதை நேரில் பார்த்தவர் நூர்ஜஹான் அக்கா. டிரெய்லர் முக்குத் திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, பொம்பளைகள் புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொள்வது போல வாசல்படியை ஒதுக்கிக்கொண்டு, யாரையும் இடிக்காமல், கன்று போன திசையில் மாடு நடக்கிற மாதிரி நடந்து போயிற்று என்று அவர் தெரு முழுக்கச் சொன்னார். கேட்டவர்கள் ஆச்சரியப்படவில்லை. அடுத்து என்ன செய்வது என்றுதான் யோசித்தார்கள். அடுத்த சனிக்கிழமைக்கு முன்பாகவே கரண்ட் ஆபீஸ் லைன்மேன் வந்து, வீடு இழுத்தால் கழன்றுகொள்கிற மாதிரி ஒரு கொக்கி போட்டுக் கொடுத்தார். வீடு ஊரில் இல்லாத நாளுக்கு வரியில் கழிவு கிடையாது என்று நகராட்சியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். காலியாகிற மனையில் நூர்ஜஹான் அக்கா வடகம் பிழிந்து காயவைத்தார். பிள்ளைகள் ஸ்டம்பு நட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் பேரனுக்குக் காதுகுத்து அங்கேயே பந்தல் போட்டு நடந்தது. தண்டபாணி நலச்சங்கத்தைக் கூட்டி, வெளியூர் போகிற வீடுகள் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டார்.

அதைவிடப் பெரிய விவாதம் டீக்கடையில் நடந்தது. டிரெய்லரை வாங்கலாமா, கூடாதா?

"ஊடே பின்னால வருதுன்னா டிரெய்லரு எதுக்குங்க? தண்டச் செலவு" என்றார்கள் ஒரு கட்சியார்.

"டிரெய்லரு போகாட்டி ஊடு எந்திரிக்குமா? அது முன்னால போனாத்தான இது பின்னால போகுது?" என்றார்கள் இன்னொரு கட்சியார்.

சோதித்துப் பார்க்கச் சென்னியப்பன் ஒருநாள் வெறும் ஜீப்பில் மூவரையும் ஏற்றிக்கொண்டு க.பரமத்தி வரைக்கும் போய்த் திரும்பினான். வீடு இமைகூட அசைக்கவில்லை. கஸ்தூரியை விட்டுவிட்டு டிரெய்லரை மட்டும் இழுத்துக்கொண்டு போனான், அப்போதும் அசையவில்லை. டிரெய்லரும் போக வேண்டும், கஸ்தூரியும் போக வேண்டும். அப்போதுதான் வீடு எழுந்தது. இது தெரிந்ததிலிருந்து கஸ்தூரி செக்கிங் மேசையில் துணி விரிக்கும்போதெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டாள். தன் பின்னால் ஒரு வீடு வருகிறது! யாருக்கு வரும் அப்படி? டிரெய்லரை வாங்கிவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. கேஸைப் பற்றி இனிமேல் கவலை இல்லையே.

அடுத்து கொல்லிமலைக்குப் போனார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் டிரெய்லர் வாலைச் சுழற்றித் திரும்ப, அதற்குப் பின்னால் வீடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவர, அதற்குப் பின்னால் இரண்டு பஸ்ஸும் ஒரு பலாப்பழ வேனும் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. டிரைவர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "ஊட்டுக்காரம்மா, ஊட்ட ஓரங்கட்டச் சொல்லுங்க!" என்று கத்தினார். கவிநயா டிரெய்லரின் பின் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "வா, வா, இன்னும் கொஞ்சந்தான்" என்று வீட்டுக்கு உற்சாகம் சொல்லிக்கொண்டே வந்தாள். மேலே வந்து நின்றபோது வெண்டிலேட்டரிலெல்லாம் மிளகுக்கொடி சுற்றியிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் பனியில் வேர்த்திருந்தன. வீட்டுக்கே ஒரு வயசு குறைந்த மாதிரி இருந்தது.

ஆனால் வீடு வந்தால் வீட்டு வேலையும் வந்துவிடும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. மலையேறி வந்த தூசியைக் கூட்டாமல் விட முடியுமா? ஷெல்ப்பிலிருந்து உருண்ட பாத்திரத்தையெல்லாம் கழுவி அடுக்காமல் இருக்க முடியுமா? கஸ்தூரி புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். நீங்க அருவிக்குப் போங்க, நான் பின்னாலயே வர்றேன் என்று அனுப்பினாள். கூட்டி முடித்தபோது சாப்பாட்டு நேரம். சமைத்து முடித்தபோது அவர்கள் ஈரத் தலையோடு திரும்பிவிட்டார்கள். அருவி எப்படி இருந்தது என்று அவள் கேட்டாள்.

மிதுனா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் துண்டைக் கீழே இறக்கினாள். "நீ எங்கம்மா வந்த? கரூர்லயும் இந்த அடுப்படிலதான் நிக்கிற, கொல்லிமலைலயும் இந்த அடுப்படிலதான் நிக்கிற."

"உங்களுக்குத்தான கண்ணு சமைக்கறேன்."

"எங்களுக்கு அருவில பஜ்ஜி வித்தாங்க. நாங்க தின்னுட்டோம்." பிறகு, "நான் போனதுக்கப்புறம் இவ உன்கூட வரப்போ, இவளையாவது தனியா அனுப்பாத" என்று தங்கையைக் காட்டிச் சொல்லிவிட்டு, டிரெய்லருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கஸ்தூரி அடுக்களையில் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே முழு மலையும் நின்றது. தான் அந்த மலையில் ஒரு கல்லைக்கூட மிதிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வழியெல்லாம் அவள் டிரெய்லர் ஒழுகுமா என்று பார்த்தாள், அடுப்பு எரியுமா என்று பார்த்தாள், படுக்கை போதுமா என்று பார்த்தாள். அதில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்க்கவே இல்லை.

ஜூன் பிறப்பதற்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமை பூம்புகாருக்குப் போவதென்று முடிவாயிற்று. கடல் என்றதும் தெருவே கலகலத்தது. நூர்ஜஹான் அக்காவின் வீடு வெள்ளிக்கிழமையே அஸ்திவாரத்தை லேசாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்டபாணியின் இரண்டு மாடி வீடு அப்படியெல்லாம் அலையாது, மானமுள்ள வீடு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலையில் கஸ்தூரி வீட்டுக்குப் பின்னால் நூர்ஜஹான் அக்கா வீடு, அவரையும் உள்ளே வைத்துக்கொண்டு எழுந்தது. அதற்குப் பின்னால், மொட்டை மாடியில் பனியனோடு பல் விளக்கிக்கொண்டிருந்த தண்டபாணியையும் ஏற்றிக்கொண்டு, அந்த மானமுள்ள வீடும் எழுந்தது. "நான் வரலீங்க! நான் வரலீங்க!" என்று குளித்தலை வரைக்கும் கத்திக்கொண்டு வந்தவர், திருச்சி தாண்டியதும் சேர் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஊர் ஊராக ஜனங்கள் சாலையோரத்துக்கு வந்து பார்த்தார்கள். பள்ளிக்கூட மதிலில் ஏறிப் பிள்ளைகள் கையாட்டினார்கள். டோல்கேட்டில் இருந்த பெண், ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் ரசீது கிழித்துவிட்டு, பின்னால் பார்த்து, "வீட்டுக்கு எத்தன சக்கரம்னு போடறதுங்க?" என்றாள். சென்னியப்பன், "சக்கரம் இல்லீங்களே" என்றான். "அப்ப ப்ரீதான், போங்க" என்று தடுப்பை நன்றாக மேலே தூக்கிவிட்டாள். வீடுகள் ஒவ்வொன்றாகத் தலையைக் குனிந்து நுழைந்து போயின. கும்பகோணத்தில் யாரோ கஸ்தூரி வீட்டு ஜன்னலில் ஒரு முழம் மல்லிகை செருகிவிட்டிருந்தார்கள். டிரெய்லருக்குள் மடக்கு மேசையில் நான்கு பேருமாக முறுக்கு தின்றுகொண்டு போக முடியவில்லையே, அப்பா ஓட்ட வேண்டியிருக்கிறதே என்று கவிநயா வருத்தப்பட்டதால், அந்த ஊர் தாண்டி ஒரு வாய்க்கால் மேட்டில் நிறுத்தி, நான்கு பேருமாக உட்கார்ந்து தின்றார்கள். பின்னால் மூன்று வீடுகளும் நிழல் பார்த்து நின்றன.

மறுநாள் காலை கடலின் முன்னால் எல்லாம் வரிசையாக நின்றன: டிரெய்லர், கஸ்தூரியின் வீடு, நூர்ஜஹான் அக்காவின் வீடு, தண்டபாணியின் மாடி வீடு. அலை ஏறி வந்து படிகளை நனைத்துவிட்டுப் போகப் போக, கஸ்தூரியின் வீடு கூச்சத்தில் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. பிறகு முன்னால் வந்தது. உள்ளூர் மீன்காரம்மாக்கள் கூடையை இறக்கி, மீன் வாங்க எந்த வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவருகிறீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டார்கள்.

கஸ்தூரி சாவியோடு இறங்கினாள். வீட்டுக்குள் மணல் ஏறியிருக்கும். நனைந்த படியில் உப்புப் பூக்கும். கூட்ட வேண்டும், துடைக்க வேண்டும், பால் காய்ச்ச வேண்டும். வீடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம், முழங்கால் அளவு தண்ணீரில், மிதுனா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கூப்பிடவில்லை. கொல்லிமலைக்குப் பிறகு அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

கஸ்தூரி இரண்டு பக்கமும் பார்த்தாள். வீட்டின் அருகே போய், பூட்டைத் திறக்காமல், நிலைப்படியில் கையை வைத்து, "கொஞ்ச நேரம் இருந்துக்க" என்றாள். பிறகு டிரெய்லரின் கதவில் சாவியைத் தொங்கவிட்டுவிட்டு, அப்படியே கட்டிய புடவையோடு கடலைப் பார்த்து நடந்தாள், நடந்தவள் ஓடினாள். மிதுனா திரும்பிப் பார்த்து, "அம்மா!" என்று போட்ட சத்தத்துக்கு, பனியனோடு நின்ற தண்டபாணிகூடத் திடுக்கிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல முடியாது. அலை வந்து மூன்று பேரையும் உருட்டியது. சென்னியப்பன் டிரெய்லரின் பின் அடுப்பில் ரவா உப்புமா கிண்டி, அடிப்பிடிக்க விட்டு, அதையே எல்லோரும் வழித்துத் தின்றார்கள். நூர்ஜஹான் அக்கா மீன் வறுத்துக் கொண்டுவந்தார். சாப்பிட்டதும் கஸ்தூரி மேல் படுக்கையில் மிதுனாவோடு ஒண்டிக்கொண்டு படுத்தாள். ஜன்னல் வழியாகக் கடல் மட்டும் தெரிந்தது. ஹாஸ்டலில் யாரோடு தங்குவாய், என்ன சாப்பாடு போடுவார்கள், எனக்குத் தினம் பேசுவாயா என்று அவள் கேட்க, மிதுனா பதில் சொல்லிச் சொல்லி, பாதிப் பேச்சில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். அந்தப் படுக்கை இரண்டு பேருக்குப் போதாதுதான். ஆனாலும் கஸ்தூரி கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் வெளியே வந்தபோது வீட்டைக் காணோம். நின்ற இடத்தில் மணல் அழுந்தியிருந்தது. நூர்ஜஹான் அக்கா வீடும் மாடி வீடும் கடலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றன. சென்னியப்பன் பதறிப்போய்த் தெருக்காரர் ஒருவருக்குப் போன் போட்டான். எடுத்தவர் நிதானமாகச் சொன்னார்: "இப்பத்தானுங்க வந்துச்சு. அது பாட்டுக்குத் தனியா வந்து, அது எடத்துல உக்காந்துருச்சு. லைட்டுக் கொக்கிய நானே மாட்டி விட்டுட்டேன். ஏனுங்க, எதாச்சும் பிரச்சினையா?"

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவளுக்கு இப்போது கேஸ் நினைவு வரும், தாழ்ப்பாள் நினைவு வரும், கிளம்பிவிட வேண்டியதுதான் என்று ஜீப் சாவியைத் தேடினான்.

கஸ்தூரி கொஞ்ச நேரம் அந்த அழுந்திய மணலைப் பார்த்தாள். கேஸை நினைத்துப் பார்த்தாள். அது எங்கோ தூரத்தில் இருந்தது.

"இருக்கட்டுமுங்க. அது போய்ச் சேந்துருச்சில்ல. நாம நாளைக்குப் போலாம். நாளைக்கு ஒரு நாள் நானும் லீவு சொல்லிக்கறேன், நீங்களும் சொல்லிருங்க." பிறகு அவன் கையிலிருந்து போனை வாங்கி, தானே நாச்சிமுத்துவின் நம்பரை அழுத்தினாள். "அண்ணா, நான் கஸ்தூரி பேசறனுங்க. அந்த டிரெய்லர வேற யாருக்கும் காட்டாதீங்க. ஆமாங்க, ஒழுகுது. கொஞ்சமா ஒழுகுது. படுக்கையும் பத்தாது. அதெல்லாம் பாத்துக்கலாமுங்க. நாங்களே எடுத்துக்கறோம்." எதிர்முனையில் அவர் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் மறுபடியும் கடலில் இறங்கியிருந்த மிதுனா தண்ணீருக்குள்ளிருந்து கையைத் தூக்கி, "அம்மா, பெரிய அலை வருது!" என்று கத்தினாள். "வெக்கறனுங்க, அலை வருது" என்று சொல்லிவிட்டு, கஸ்தூரி போனைப் புருஷன் கையில் திணித்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.